வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு: என்னென்ன வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும்

புதிதாக இன்டர்நெட் இணைப்பு எடுக்கும் பலர் முதல் வேலையாகக் கடைக்குப் போய் நான்கு ஆன்டெனா வைத்த ரவுட்டர் ஒன்றை வாங்கி வந்துவிடுகிறார்கள். அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. முதலில் முடிவாக வேண்டியது, இணைப்போடு வரும் மோடம் பெட்டி வீட்டில் எங்கே உட்காரப் போகிறது என்பதுதான். இடம் முடிவாகிவிட்டால் பிளக் பாயின்ட் எங்கே, வயர் எந்த வழியாக வரும், லேன் கேபிள் எத்தனை மீட்டர், தனி ரவுட்டர் வேண்டுமா என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும்.

சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் என்று பல வீடுகளில் லைன் போடும்போது கூடவே நின்றிருக்கிறேன். எல்லோரும் தடுமாறிய இடங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். தமிழ்நாட்டில் பிஎஸ்என்எல், ஏர்டெல், ஜியோ, உள்ளூர் கேபிள் ஆபரேட்டர் என யாரிடம் ஃபைபர் எடுத்தாலும் வீட்டுக்குள் நடக்கும் வேலை பெரிதாக மாறுவதில்லை.

1. பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

ஃபைபர் வயரில் வருவது மின்சாரம் இல்லை, ஒளி. அந்த ஒளியை நம் போனுக்கும் கணினிக்கும் ஏற்ற சிக்னலாக மாற்றும் பெட்டிதான் ஓஎன்டி. சில ஊர்களில் ஓஎன்யூ என்பார்கள். வீட்டில் எல்லோரும் சொல்வது மோடம். இந்தப் பெட்டியைப் பற்றித்தான் முதலில் கேட்க வேண்டும்.

பெட்டியை ஆபரேட்டர் தருகிறாரா, விலைக்கா, டெபாசிட்டுக்கா? டெபாசிட் என்றால் ரசீது வாங்குங்கள். இணைப்பை நிறுத்தும்போது அடாப்டரோடு சேர்த்துத் திருப்பிக் கேட்பார்கள், அதனால் அட்டைப் பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள்.

அடுத்து, அதிலுள்ள வைஃபை சிங்கிள் பேண்டா, டூயல் பேண்டா? சிங்கிள் பேண்ட் பெட்டியில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் இருக்கும். வீடுகள் நெருக்கமாக இருக்கும் தெருவில் அது பெரும்பாலும் 40, 50 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டுப் பாதி வேகம் கூட வரவில்லை என்று வருத்தப்படுகிறவர்களில் நிறையப் பேர் வீட்டில் இருப்பது இந்தப் பெட்டிதான். 5 ஜிகாஹெர்ட்ஸும் சேர்ந்த டூயல் பேண்ட் பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.

மூன்றாவது, லேன் போர்ட், அதாவது கேபிள் செருகும் துளை. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேற்பட்ட திட்டம் என்றால் பெட்டியில் ஒரு கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட்டாவது இருக்க வேண்டும். சில பெட்டிகளில் ஒரே ஒரு போர்ட் கிகாபிட்டாகவும் மற்றவை 100 எம்பிபிஎஸ்ஸாகவும் இருக்கும். எது என்பது பெரும்பாலும் போர்ட்டின் மேலேயே எழுதியிருக்கும்.

வீட்டில் சிசிடிவி இருந்து, அதை வெளியூரிலிருந்து நேராகத் திறந்து பார்க்க வேண்டுமென்றால், பொது ஐபி, அதாவது உங்கள் வீட்டுக்கென்றே தனி இணைய முகவரி, கிடைக்குமா என்றும் இப்போதே கேளுங்கள். பல ஆபரேட்டர்கள் ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகிறார்கள். அப்படியிருந்தால் ரவுட்டரில் என்ன அமைப்பு செய்தாலும் வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. கேமரா நிறுவனத்தின் ஆப் வழியாகப் பார்ப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

விலை கேட்கும்போது 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 500 ரூபாய்த் திட்டம் வரியோடு 590 ஆகும்.

2. பெட்டிக்கு இடம்

மொத்த வேலையில் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். லைன் போட வருகிறவருக்கு எளிதான இடம் வாசல் பக்கத்து ஜன்னல் ஓரம். வயர் குறைவாகச் செலவாகும், பத்து நிமிடத்தில் வேலை முடியும். ஆனால் வீட்டில் போனும் லேப்டாப்பும் அதிகம் புழங்குவது அங்கே அல்ல.

ஒரு தாளில் வீட்டின் அறைகளைக் கட்டம் கட்டமாக வரையுங்கள். யார் எங்கே உட்கார்ந்து என்ன பார்க்கிறார்கள் என்று குறியுங்கள். ஆபீஸ் வேலை நடக்கும் மேசை, டிவி, பிள்ளைகள் படிக்கும் இடம். இவை மூன்றுக்கும் நடுவில், இரண்டு சுவர்களுக்கு மேல் தாண்ட வேண்டியிராத இடம் எது என்று பாருங்கள். 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் வலுவிழந்துவிடும். 2.4 தூரம் போகும், வேகம் குறைவு. நம் ஊர்ச் செங்கல் சுவரை இரண்டுமே ஓரளவு தாண்டும். கான்கிரீட் தளம்தான் பெரிய தடை. அதனால் மாடியும் சேர்ந்த வீடு என்றால் ஒரு பெட்டியில் முடியாது என்று முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

உயரம், தரையிலிருந்து ஐந்தாறு அடி. சோபாவும் கட்டிலும் ஆட்களும் குறுக்கே நிற்காத உயரம் அது.

வைக்கக் கூடாத இடங்கள்: பீரோவின் மேலும் பின்னும், டிவிக்குப் பின்னால், மரக் கதவு போட்ட ஷோகேஸுக்குள், மீன் தொட்டி அருகில், சமையலறையில் மைக்ரோவேவ் பக்கத்தில். இரும்பும் தண்ணீரும் சிக்னலைத் தடுக்கும். மைக்ரோவேவ் ஓடும்போது அதே 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளம்பும். மூடிய அலமாரியில் பெட்டி சூடாகி அடிக்கடி தானே அணைந்து எரியும்.

அத்தை வீட்டில் இதுதான் நடந்தது. "ஹால்ல கருப்பா ஒண்ணு தொங்கினா நல்லாவா இருக்கு, பீரோ மேல வைப்பா" என்று சொல்லிவிட்டார். படுக்கையறை இரும்பு பீரோவின் மேல், சுவரை ஒட்டி, பழைய சூட்கேஸுக்குப் பின்னால் பெட்டி. சமையலறையில் நின்று வீடியோ கால் பேசினால் முகம் உறைந்துபோகும். ஹாலுக்கும் உள்ளறைக்கும் நடுவிலிருக்கும் கதவு நிலைக்கு மேல் சின்னப் பலகை அடித்து மாற்றினோம். பெட்டியும் அதேதான், திட்டமும் அதேதான். சமையலறையில் வீடியோ கால் தெளிவாக வந்தது. ஆனால் ஃபைபர் வயர் அந்த இடம்வரை எட்டாமல் ஆளைத் திரும்ப வரவழைத்துப் புதிதாக இழுக்க வேண்டியிருந்தது. முதல் நாளே இடம் முடிவாகியிருந்தால் அந்த அலைச்சல் இல்லை.

3. பிளக் பாயின்டும் வயர் வரும் வழியும்

தேர்ந்தெடுத்த இடத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் லைன் போடும் நாளுக்கு முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இரண்டு பிளக் உள்ள ஸ்விட்ச் பாக்ஸ் வைத்துவிடுங்கள். ஒன்று ஓஎன்டிக்கு, இன்னொன்று பின்னால் ரவுட்டர் வந்தால் அதற்கு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நீளமாக இழுத்து ஓட்டினால் யாராவது பெருக்கும்போது கால் பட்டுப் பிளக் தளர்ந்துவிடும். இன்டர்நெட் விட்டு விட்டு வருகிறது என்ற புகாருக்குப் பல வீடுகளில் காரணம் இதுதான்.

வயர் உள்ளே வர சுவரில் துளை போட வேண்டியிருக்கும். வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். துளை உள்ளிருந்து வெளியே சரியும்படி இருக்க வேண்டும். வெளியே வயர் துளைக்குக் கீழே கொஞ்சம் தொங்கி, பிறகு மேலேறி உள்ளே நுழைய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வயரோடு வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியிலேயே சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது.

ஜன்னல் வழியாக இழுப்பதைத் தவிருங்கள். கதவு ஒவ்வொரு முறை சாத்தும்போதும் வயர் நசுங்கும். ஃபைபர் ஒரு நாளில் உடையாது, ஆறு மாதத்தில் உடையும். அதேபோல் கரண்ட் வயர் போகும் பைப்புக்குள் விடக் கூடாது. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாதுதான், ஆனால் அதோடு சேர்ந்து வரும் தாங்குகம்பி பெரும்பாலும் இரும்பு.

4. பொருட்கள்

ஆபரேட்டர் கொண்டு வருபவை: தெருவிலிருந்து வரும் கருப்பு டிராப் வயர், ஓஎன்டி, அதன் அடாப்டர், கனெக்டர். சிலர் சுவரில் ஒரு சின்ன டெர்மினேஷன் பாக்ஸ் வைத்து, அங்கிருந்து பெட்டிக்கு மெல்லிய மஞ்சள் அல்லது வெள்ளை பேட்ச் கார்டு போடுவார்கள். இந்த முறைதான் நல்லது, கேட்டு வாங்குங்கள். பெட்டியை நகர்த்தினாலும் பேட்ச் கார்டு மட்டும்தான் அசையும். அது உடைந்தால் ஒரு கார்டை மாற்றினால் போதும், தெருவரை வயரைத் தொட வேண்டியதில்லை.

நீங்கள் வாங்கி வைக்க வேண்டியவை குறைவு. கேட் 5இ அல்லது கேட் 6 லேன் கேபிள் ஒன்று, இரண்டு மீட்டர், சோதனைக்கு. பெட்டியை மாட்ட ஸ்க்ரூவும் ரா பிளக்கும் அல்லது ஒரு சின்னப் பலகை. வயரைச் சுவரோடு ஓட்ட பிவிசி கேசிங் அல்லது கிளிப். கரண்ட் போகும் ஊர் என்றால் மினி யுபிஎஸ். அவ்வளவுதான். தனி ரவுட்டர் இந்தப் பட்டியலில் இன்னும் வரவில்லை.

லேன் கேபிளில் ஏமாறாதீர்கள். மலிவான கேபிளில் முழுச் செம்பு இருக்காது, அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு இருக்கும். கையில் எடுத்தாலே இலேசாக இருக்கும், இரண்டு முறை மடக்கினால் உள்ளே முறிந்துவிடும். முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். கேட் 5இ கூட 100 மீட்டர்வரை ஒரு கிகாபிட் வேகம் தாங்கும், வீட்டுக்கு அதற்கு மேல் விலை கொடுக்க அவசியமில்லை.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஓஎன்டியைத் தனியாக வாங்காதீர்கள். ஒவ்வொரு ஓஎன்டியின் வரிசை எண்ணையும் ஆபரேட்டர் தன் பக்கத்தில் பதிவு செய்தால்தான் அது உயிர் பெறும். அவர் பதிவு செய்து தர மாட்டார் என்றால் அந்தப் பெட்டியால் பயனில்லை.

5. லைன் போடும் நாள்

அன்று பெரியவர் ஒருவர் கட்டாயம் வீட்டில் இருக்க வேண்டும். ஆதார் நகல், போட்டோ கேட்கலாம். எங்கே பெட்டி, எந்த வழியில் வயர் என்று ஆள் ஏணியில் ஏறுவதற்கு முன்பே காட்டிவிடுங்கள். பாதி இழுத்த பிறகு மாற்றச் சொன்னால் நடுவில் ஒட்டுப் போட வேண்டிவரும், ஒவ்வொரு ஒட்டும் கொஞ்சம் ஒளியைத் தின்றுவிடும்.

அந்தக் கருப்பு வயருக்குள் இருக்கும் கண்ணாடி இழையின் பருமன் 0.125 மில்லிமீட்டர். தலைமுடி அளவுதான். வளைந்தால் ஒளி ஓரமாகக் கசியும், மடிந்தால் உடையும். மூலையில் திரும்பும்போது எலுமிச்சம்பழத்தைச் சுற்றி வருவது போன்ற வளைவு வேண்டும். மிச்ச வயரைக் கையளவு வட்டமாகச் சுற்றிக் கட்டலாம், இறுக்கி முடிச்சுப் போடக் கூடாது, ஆணிக்குக் கீழே அடித்து நசுக்கக் கூடாது.

வயரின் முனையில் கனெக்டர் போட்ட பிறகு, வந்தவர் கையிலிருக்கும் பவர் மீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். திரையில் கழித்தல் குறியோடு ஒரு எண் வரும், ஒளியின் வலுவைச் சொல்லும் அதன் அலகு டிபிஎம். கழித்தல் குறிக்குப் பின் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு. -15 முதல் -25 வரை இருந்தால் நல்லது. வீட்டு ஃபைபரில் பெரும்பாலும் இருக்கும் ஜிபான் வகைப் பெட்டிக்கு -27தான் கடைசி எல்லை. மூன்று டெசிபல் குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று அர்த்தம். அதனால் -26இல் விட்டுவிட்டுப் போனால் இன்று வேலை செய்யும், முதல் மழைக்கோ கனெக்டரில் படியும் தூசிக்கோ நின்றுவிடும். "சார், லைட் வருது, ஓடும் சார்" என்று சொல்வார்கள். எண்ணைப் பாருங்கள். போனில் படம் எடுத்து வையுங்கள்.

எண் மோசமாக இருந்தால் முதலில் கனெக்டரைத் துடைத்துத் திரும்பப் போடச் சொல்லுங்கள். பிறகு வயர் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று வழி முழுக்கப் பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் -29 காட்டியது. பெட்டியிலிருந்து வாசல்வரை விரலால் தடவிக்கொண்டே போனதில், சன்ஷேடு விளிம்பில் வயர் கூராக மடிந்து, மேல்தோல் வெளுத்துப்போயிருந்தது. அந்த ஒரு முழத்தைத் தளர்த்தி விட்டதும் -22 ஆனது.

கனெக்டரின் நிறத்தையும் கவனியுங்கள். பச்சை என்றால் அதன் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது. நீலம் என்றால் சாய்வில்லாதது. பெட்டியின் துளை எந்த நிறமோ அதே நிறக் கனெக்டர்தான் போக வேண்டும். மாற்றிப் போட்டாலும் உள்ளே நுழையும், ஆனால் முனைகள் சரியாகச் சேராமல் ஒளி வீணாகும், முகப்பும் கெடும்.

ஒரு எச்சரிக்கை. கழற்றிய ஃபைபர் முனையை யாரும் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கக் கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குக் கெடுதல் செய்யக் கூடியது. பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். வெட்டிப்போட்ட இழைத் துண்டுகளையும் டேப்பில் ஒட்டி எடுத்துவிடச் சொல்லுங்கள், காலில் குத்தினால் கண்டுபிடிக்கவே முடியாது.

6. விளக்குகளைப் படிப்பது

பெட்டிக்கு மின்சாரம் கொடுத்து இரண்டு, மூன்று நிமிடம் பொறுங்கள். பவர் விளக்கு எரியும். பான் என்ற விளக்கு முதலில் மின்னி, பிறகு நிலையாக நிற்க வேண்டும். மின்னிக்கொண்டே இருந்தால் ஒளி வருகிறது, ஆனால் ஆபரேட்டர் பக்கத்தில் பதிவு முடியவில்லை. எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளியே வரவில்லை. பானும் நிலையாக நின்று, இன்டர்நெட் விளக்கு மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் பயனர்பெயர், கடவுச்சொல் சிக்கல்.

அந்தப் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் ஆள் கிளம்புவதற்குள் எழுதி வாங்குங்கள். பல ஆபரேட்டர்களின் இணைப்பில் பிபிபிஓஇ என்ற முறையில் பெட்டி இவற்றைக் கொடுத்துத்தான் உள்ளே நுழைகிறது. ஆபரேட்டர் பெட்டியில் போட்டிருக்கும் வீலேன் எண் (அவருடைய நெட்வொர்க்கில் உங்கள் இணைப்பு எந்தப் பிரிவு என்பதைக் காட்டும் எண்) இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியின் அடியிலுள்ள ஸ்டிக்கரைப் படம் எடுங்கள்.

இது ஏன் முக்கியம்? பெட்டியின் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும், ரீசெட் என்று எழுதியிருக்கும். நெட் வேலை செய்யாதபோது பலர் அதைக் குத்திவிடுகிறார்கள். ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. பத்து நொடி அழுத்தினால் உள்ளே இருந்த எல்லா அமைப்பும் அழிந்துபோகும். கையில் விவரம் எழுதி வைத்திருந்தால் நீங்களே திரும்பப் போட்டுக்கொள்ளலாம், இல்லையென்றால் ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

7. முதல் வேகச் சோதனை லேன் கேபிளில்

வைஃபையில் வேகம் பார்க்காதீர்கள். லேப்டாப்பை லேன் கேபிளால் ஓஎன்டியில் செருகிச் சோதியுங்கள். காரணம் எளிது. கேபிளில் முழு வேகம் வந்தால் ஆபரேட்டர் தன் பங்கைச் சரியாகச் செய்துவிட்டார், இனி குறை இருந்தால் அது வைஃபையில். கேபிளிலேயே வரவில்லையென்றால் ஆள் இருக்கும்போதே சொல்லிவிடலாம்.

200 எம்பிபிஎஸ் திட்டத்தில் சரியாக 94, 95 வந்து நின்றால் எங்கோ 100 எம்பிபிஎஸ் போர்ட் இருக்கிறது, அல்லது கேபிளில் நான்கு ஜோடியில் ஒன்று சேரவில்லை. கிகாபிட்டுக்குக் கேபிளுக்குள் இருக்கும் எட்டுச் செம்புக் கம்பிகளும் வேண்டும், 100க்கு நான்கு போதும். அதனால் மீதி நான்கில் ஒன்று விட்டுப்போனாலும் நெட் ஓடும், வேகம் மட்டும் இறங்கி நிற்கும்.

இன்னொரு குழப்பம்: 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 100 மெகாபிட். கோப்பு இறங்கும்போது திரையில் தெரிவது மெகாபைட். எட்டால் வகுத்தால் 12.5. அந்த எண்ணைப் பார்த்து ஏமாந்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள்.

8. வைஃபை அமைப்பு

உலாவியில் 192.168.1.1 அல்லது ஸ்டிக்கரில் உள்ள முகவரியைத் திறங்கள். முதலில் மாற்ற வேண்டியது அட்மின் கடவுச்சொல். அப்புறம் வைஃபை கடவுச்சொல், பாதுகாப்பு டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3. பேர், போன் நம்பர் வேண்டாம். கடவுச்சொல் இல்லாமல் பட்டனை அழுத்தியே இணைய விடும் டபிள்யூபிஎஸ்ஸை அணைத்துவிடுங்கள்.

2.4க்கும் 5க்கும் வேறு வேறு பெயர் வைத்தால் எந்தச் சாதனம் எதில் இருக்கிறது என்று தெரியும். டிவியும் லேப்டாப்பும் 5இல், ஸ்மார்ட் பல்பு, கேமரா போன்றவை 2.4இல். அவற்றில் பல 5ஐப் பார்க்கவே பார்க்காது. 2.4இன் சானலை 1, 6, 11 மூன்றில் ஒன்றாக வையுங்கள். இந்த மூன்றும்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை.

9. தனி ரவுட்டர் எப்போது

இப்போது போனை எடுத்துக்கொண்டு அறை அறையாக நடந்து சோதியுங்கள். எல்லா இடத்திலும் தேவைக்கு வருகிறதென்றால் இதோடு வேலை முடிந்தது. ஓர் அறையில் மட்டும் வரவில்லையென்றால் முதலில் பெட்டியை ஓரடி, இரண்டடி நகர்த்திப் பாருங்கள்.

அப்படியும் வரவில்லை, அல்லது மாடி இருக்கிறது என்றால் அங்கே இரண்டாவது பெட்டி வேண்டும். சிக்னல் வராத அறையிலேயே வயர்லெஸ் எக்ஸ்டென்டரை மாட்டுவது வீண், வராத சிக்னலை அது எங்கிருந்து எடுத்து நீட்டும்? ஓஎன்டியிலிருந்து மாடிக்கு லேன் கேபிள் இழுத்து, அங்கே ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடில், அதாவது வைஃபை மட்டும் தரும்படி, வைப்பதுதான் நிலைத்து நிற்கும் வழி. ஒருமுறை செய்யும் வேலை. கேபிள் இழுக்கவே முடியாத வீட்டில், வயர் இல்லாமலே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மெஷ் பெட்டிகள் வாங்கலாம், இரண்டாவது பெட்டி முதல் பெட்டிக்கும் சிக்னல் வராத இடத்துக்கும் பாதி வழியில் இருக்க வேண்டும்.

ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றாமல் செருகினால் ஓஎன்டியும் ரவுட்டரும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் மோதிக்கொள்ளலாம், இரண்டுமே சாதனங்களுக்கு ஐபி முகவரி கொடுக்கப் பார்க்கும். மாற்றிவிட்டால் முகவரி கொடுக்கும் வேலை ஓஎன்டியிடமே இருக்கும். ரவுட்டரே எல்லாவற்றையும் கவனிக்க வேண்டுமென்றால் ஓஎன்டியை பிரிட்ஜ் மோடில் (சிக்னலை மாற்றிக் கடத்துவதை மட்டும் செய்யும் நிலை) போடச் சொல்லி, பிபிபிஓஇ விவரத்தை ரவுட்டரில் கொடுங்கள். அப்போது கேபிள் ரவுட்டரில் இன்டர்நெட் உள்ளே வரும் வேன் போர்ட்டில் போக வேண்டும், அது பெரும்பாலும் தனி நிறத்தில் இருக்கும்.

10. கரண்ட் போனால்

வீட்டு இன்வெர்ட்டர் இருந்தாலும், அது மாறும் அந்தக் கண நேரத்தில் சில பெட்டிகள் அணைந்து மறுபடி எழும். திரும்ப இணைய இரண்டு நிமிடம். வேலை அழைப்பில் இருப்பவருக்கு அது அதிகம். 12 வோல்ட் மினி யுபிஎஸ் இதைத் தீர்க்கும்.

வாங்கும் முன் அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். வோல்ட் அப்படியே ஒத்துப்போக வேண்டும், ஆம்பியர் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம். 9 வோல்ட் பெட்டிக்கு 12 கொடுத்தால் பெட்டி போய்விடும். 8,000 எம்ஏஹெச் பேட்டரி என்றால் சுமார் 30 வாட்-மணி. பெட்டி 7 வாட் எடுத்தால், இழப்பு போக மூன்றரை மணி நேரம் தாங்கும்.

ஆபரேட்டர் பக்கத்திலும் கரண்ட் இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ஒரு ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும், தெருவிலிருக்கும் ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரம் தேவையில்லை, ஆனால் சில உள்ளூர் இணைப்புகளில் கம்பத்துப் பெட்டிக்குள் கரண்டில் ஓடும் நெட்வொர்க் ஸ்விட்ச் இருக்கும். பக்கத்து வீட்டில் ஏற்கெனவே அதே இணைப்பு இருந்தால், கரண்ட் போகும்போது வருகிறதா என்று அவர்களிடம் கேட்டுவிட்டே யுபிஎஸ் வாங்குங்கள்.

இடி இடிக்கும்போது அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். கண்ணாடி இழை வழியாக மின்னல் வராது, பிளக் வழியாக வரும்.

11. நின்றுபோனால்

பிளக்கை எடுத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். விளக்குகளைப் பாருங்கள். எல்ஓஎஸ் சிவப்பு என்றால் கனெக்டர் முழுதாகச் செருகியிருக்கிறதா, வயரை அணில் கடித்திருக்கிறதா, லாரி இழுத்துவிட்டதா என்று வாசல்வரை பாருங்கள். விளக்கெல்லாம் சரி, நெட் மட்டும் இல்லை என்றால் லேன் கேபிளில் சோதியுங்கள். கேபிளில் வந்தால் வைஃபை அமைப்பைப் பாருங்கள். கேபிளிலும் இல்லையென்றால் பில் கட்டியாயிற்றா என்று பார்த்துவிட்டு ஆபரேட்டரைக் கூப்பிடுங்கள்.

போனில் "நெட் வரலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "காலை எட்டு மணியிலிருந்து எல்ஓஎஸ் சிவப்பாக மின்னுகிறது, லைன் போட்ட அன்று -21 இருந்தது, கனெக்டரைப் பார்த்துவிட்டேன்" என்று சொல்லுங்கள். கேட்பவருக்கு இது வயர் வேலை என்று அப்போதே தெரிந்துவிடும். உடைந்த ஃபைபரை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினைக் கையோடு எடுத்து வருவார்.